மாட்டுங்காக்காரியோடு கடலுக்குப் போனது

என் முதுகில் ஒரு ஜிப் கீழிருந்து மேலே ஏறும் சத்தம். அந்த வாரக்கடைசியை நினைத்தால் எனக்கு முதலில் கேட்பது அதுதான், அலைச் சத்தம் அல்ல. இங்கிலாந்தின் தென்மேற்கு ஓரத்தில் ஒரு கடற்கரை. வண்டிகள் நிறுத்தும் இடத்தில், குளிர்காற்றில், வெறுங்காலோடு நின்றிருந்தேன். உடம்போடு ஒட்டிப்பிடிக்கும் தடித்த கறுப்பு ரப்பர் உடையை எல்லோருக்கும் கொடுத்திருந்தார்கள். எனக்கு முன்னால் அதைப் போட்டிருந்தவரின் ஈரம் இன்னும் அதில் இருந்தது. கால் இரண்டையும் உள்ளே நுழைப்பதற்குள்ளேயே எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. ஜிப் பின்பக்கம். "வயத்தை உள்ள இழுத்துக்கோடி, மாட்டிண்டுடும்" என்று சொல்லிக்கொண்டே ஒருத்தி அதை இழுத்துவிட்டாள். அவள் விரல் என் பிடரியில் பட்டபோது ஐஸ் வைத்ததுபோல இருந்தது. பிறகு திரும்பி நின்று தன் முதுகைக் காட்டினாள். "இப்போ எனக்கு." சுற்றி நின்ற மாணவர்களில் ஒருவருக்கும் அந்தப் பேச்சு புரியவில்லை. அது புரியாததே எங்களுக்குப் பெரிய சொத்துபோல இருந்தது.

அவளை இங்கே மாட்டுங்காக்காரி என்றே சொல்கிறேன். அம்மா வைத்த பெயர் அது. படிக்கப்போன இடத்தில் எனக்கு ஒரு தமிழ்ப்பெண் கிடைத்திருக்கிறாள், அதுவும் பம்பாய்க்காரி, அதுவும் மாட்டுங்கா என்று நான் போனில் சொன்ன நாளிலிருந்து அம்மா அவளை அப்படித்தான் விசாரிப்பாள். "மாட்டுங்காக்காரி சாப்ட்டாளாட்டி?" என்பாள். அவளுக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. ஆனால் எங்கள் வீட்டில் அது யாருக்கும் வாயில் நுழையவில்லை.

எங்கள் வீடு தாராவியில். அப்பா இட்லி விற்கிறார். விடிவதற்கு முன் அம்மா அவித்து அடுக்கித்தர, சைக்கிளின் பின்னால் அலுமினியப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, கைப்பிடியில் ரப்பர் ஹாரனை வைத்து அமுக்கிக்கொண்டே தெருத்தெருவாகப் போவார். இரண்டு பேருக்கும் எந்த மொழியிலும் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் எங்கள் வீட்டில் நான். காலேஜ் போன முதல் ஆளும் நான். விமானம் ஏறிய முதல் ஆளும் நான். இதைச் சொல்லும்போது என் முதுகு தானாகக் கொஞ்சம் நிமிரும். நிமிரட்டும் என்று விட்டுவிடுவேன். மாநகராட்சித் தமிழ்ப்பள்ளியில் ஆரம்பித்து, ஆங்கிலத்துக்கு மாறி, பொறியியல் முடித்து, நகரங்களுக்குத் தண்ணீர் கொண்டுவருவதைப் பற்றி மேலே படிக்க உதவித்தொகை வாங்கி அங்கே போயிருந்தேன். பெற்றோருக்கு நான் என்ன படிக்கிறேன் என்பது விளங்கிய அளவுக்கு எந்த வீட்டிலும் விளங்கியிருக்காது. எங்கள் சந்தில் தண்ணீர் வரும் நேரத்தைவைத்துத்தான் அம்மாவின் நாள் முழுவதும் நகரும்.

மாட்டுங்காக்காரியை நான் சந்தித்தது விடுதிச் சமையலறையில். அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு, போனை ஜன்னலோரம் சாய்த்துவைத்து அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். "ஏட்டி, வெளியில போகும்போது காத மூடிக்கிட்டுப் போ" என்று அம்மா சத்தமாகச் சொன்ன சமயம், குளிர்பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த ஒருத்தி சட்டென்று நிமிர்ந்து தலையை இடித்துக்கொண்டாள்.

"நீ தமிழா?"

"பம்பாய்த் தமிழ்."

"ஐயோ, நானும்டி! பம்பாய்ல எங்க?"

"தாராவி."

அவள் தயங்கியது ஒரு நொடிகூட இருக்காது. "அப்போ நமக்கு நடுவுல ஒரு பாலம்தான். நான் மாட்டுங்கா" என்றாள். அம்மா போனுக்குள்ளிருந்து, "அது யாரு, அந்தப் பிள்ளையக் காட்டு" என்று கத்தினாள். அவள் போனை வாங்கி, நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "நமஸ்காரம் மாமி" என்றாள். எங்கள் அம்மாவை அதுவரை யாரும் மாமி என்று கூப்பிட்டதில்லை. அம்மாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ரயில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் தாராவிச் சந்துகளிலும் அந்தப் பக்கம் மாட்டுங்காவின் வசதியான வீடுகளிலுமாகவே இருபது வருஷத்துக்கு மேல் வளர்ந்தவர்கள் நாங்கள். ஒரே மழையில் இரண்டு பேர் பள்ளிக்கூடத்துக்கும் விடுமுறை விட்டிருப்பார்கள். ஆனால் மாட்டுங்காவில் ஒருத்தியின் சமையலறைக்குள் நான் நின்றதில்லை. அவள் பாலத்தைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கியதே இல்லை. அங்கே, ஏழு கடல் தாண்டி, ஒரே அடுப்பில் மாறிமாறிச் சமைத்தோம். என் "வருது, போகுது" கேட்டு அவள் சிரிப்பாள். அவளுடைய "வந்துண்டு, போயிண்டு" கேட்டு நான் சிரிப்பேன். இரண்டு பேருக்கும் கோபம் வந்தால் இந்திக்குத் தாவிவிடுவோம். அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. வீட்டிலிருந்து யாராவது தமிழில் ஏதாவது அனுப்பினால் போனை என்னிடம் நீட்டுவாள். நான் படித்துக் காட்டுவேன். அவள் அப்பா வங்கி அதிகாரி. அவர் மகளுக்கு நான் படித்துக் காட்டுகிறேன் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது; அதை மறைக்கவும் இல்லை.

ஒருநாள் இரண்டு பேரும் ஊர்ச் சத்தங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவள் வாயைக் குவித்து, "பாம்... பாம்..." என்று ஹாரன் சத்தம் போட்டுக்காட்டினாள். "எங்க தெருவுல கார்த்தால ஒரு இட்லிக்காரர் வருவார். அந்தச் சத்தம் கேட்டாத்தான் நான் எழுந்துப்பேன். ஆனா அம்மா ஒருநாளும் வாங்க விட்டதில்லை."

"எங்க அப்பாவும் இட்லி விக்காங்க" என்றேன்.

அவள் முகத்தில் ஏதோ ஓடி மறைந்தது. பிறகு என் கையைத் தட்டி, மிகவும் அன்பாக, "இதெல்லாம் எங்கிட்ட சொன்னே, சரி. எல்லார்ட்டயும் சொல்லிண்டிருக்காதே, என்ன?" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள்.

கடலுக்குப் போகும் யோசனையும் அவளுடையதுதான். பல்கலைக்கழகத்தில் அலைச்சறுக்கு சங்கம் ஒன்று இருந்தது. பலகையின் மேல் நின்றுகொண்டு அலையோடு வருவார்களே, அது. புதியவர்களுக்காக ஒரு வாரக்கடைசிப் பயணம் வைத்திருந்தார்கள். "பம்பாய்ல பொறந்துட்டு கடல்ல எறங்காம இருக்கறது வெக்கக்கேடுடி" என்று இரண்டு பேரையும் சேர்த்துவிட்டாள். அவள் சொன்னது உண்மை. எங்களுக்குக் கடல் என்றால் உட்கார்ந்து பார்ப்பது. மாஹிம் பக்கம் அது கறுப்பாக, குப்பையைத் தள்ளிக்கொண்டு வரும். அதில் யார் காலை வைப்பார்கள்? நான் கடலில் முழுக்கு போட்டதெல்லாம் ஊருக்குப் போகும்போது திருச்செந்தூரில்தான். அங்கே அதற்கு ஒரு முறை உண்டு. உடுத்திய துணியோடு இறங்கி, வரிசையாகக் கைகோத்துக்கொண்டு நிற்க வேண்டும். அலை வரும்போது அதற்கு முதுகைக் காட்டிக் குனிந்து, ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் பக்கத்தில் இருப்பவளின் கையை விடாமல் இறுக்கிக்கொள்ள வேண்டும். அலை போனதும் எல்லோரும் ஒருவரையொருவர் எண்ணிக்கொண்டு சிரிப்போம்.

கிளம்பும்போது அம்மா போனில் கேட்டாள்: "நீச்ச தெரியாதவளுக்கு என்னத்துக்குட்டி இந்த வேல?"

"அங்க சொல்லிக் குடுப்பாங்கம்மா."

"மாட்டுங்காக்காரியும் வாராளா?"

"வாரா."

"அப்பம் சரி. அவ கையப் புடிச்சிக்கிட்டே நில்லு. விட்ராத."

சொல்லிக்கொடுத்தவள் எங்களைவிடச் சற்றே மூத்த பெண். மூக்கின்மேல் வெள்ளைக் களிம்பு பூசியிருந்தாள். முதலில் மணலிலேயே பலகையைப் போட்டுப் பழக்கினாள். குப்புறப் படு. கையால் துழாவு. அலை பின்னாலிருந்து தள்ளும்போது உள்ளங்கையை ஊன்றி எழும்பு, ஒரு காலை முன்னே வை, கரையைப் பார். காலைப் பார்த்தால் விழுவாய். மணலில் நான்தான் எல்லோரிலும் நன்றாகச் செய்தேன். தண்ணீரில் இறங்கியதும் எல்லாம் போயிற்று. இடுப்பளவுதான் ஆழம். ஆனால் முதல் அலை வெள்ளையாக நுரைத்துக்கொண்டு வந்தபோது என் உடம்பு தானாகத் திரும்பி, குனிந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டது. பலகையை விட்டுவிட்டேன். மற்ற கை பக்கத்தில் யாரையோ தேடிப்போய், அப்போதுதான் பலகைமேல் எழும்பிக்கொண்டிருந்த மாட்டுங்காக்காரியின் கணுக்காலைப் பிடித்துவிட்டது.

இரண்டு பேரும் உருண்டோம். இரண்டு பலகையும் எங்கள் தலைக்கு மேலே பறந்தன. அவள் இருமிக்கொண்டே எழுந்து, முகத்தில் ஒட்டிய முடியை விலக்கி, "பாவி! எனக்குன்னு ஒரு அலை வந்துது, அதையும் கெடுத்தே!" என்று கத்தினாள்.

"எங்க அம்மாதான் உன்ன விடாதன்னு சொல்லியிருக்காங்க."

"அதுக்குக் காலைப் பிடிப்பாளோ? மாமிகிட்டயே கேக்கறேன், இரு."

சிரித்துச் சிரித்து மறுபடி உப்புத்தண்ணீரைக் குடித்தோம். அவளுக்கு நீச்சல் தெரியும். சிறுவயதில் எங்கோ நீச்சல்குளத்துக்கு அனுப்பிக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் பலகைமேல் நின்றுவிட்டாள். நான் அதன்மேல் முழங்காலிடுவதைத் தாண்டவில்லை. ஒவ்வொரு தடவையும் அலை நெருங்கும்போது என் கை வெறுமையில் துழாவிக்கொண்டே இருந்தது. இதில் கைகோத்துக்கொள்ள முடியாது. ஒருவருக்கு ஒரு பலகை. அந்தப் பலகையையும் உன் காலையும் கட்டிவைக்க ஒரு கயிறு. அவ்வளவுதான்.

அன்று மாலை, தங்கியிருந்த வீட்டின் பெரிய அறையில் எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். ஆளாளுக்குத் தன் பெயர், ஊர், தண்ணீரில் என்ன பயம் என்று சொல்ல வேண்டும். பல நாட்டுப் பிள்ளைகள். மாட்டுங்காக்காரியின் முறை எனக்கு முன்னால் வந்தது. அவள் தன்னைப் பற்றிச் சொல்லிவிட்டு, என் தோள்மேல் கையைப் போட்டு, ஆங்கிலத்தில், நாங்கள் இரண்டு பேருமே மும்பையில் மாட்டுங்கா, பக்கத்துப் பக்கத்துத் தெரு மாதிரி, ஆனால் இங்கே வந்துதான் சந்தித்தோம் என்றாள். எல்லோரும் அடடா என்றார்கள். அழகான கதைதான். அவள் கை தோளில் கதகதப்பாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்தக் கை அங்கேயே இருந்திருக்கும். எனக்கு அது தெரிந்தே இருந்தது. அந்த நாட்டில் எனக்கு அவளைத் தவிர ஒருவரும் இல்லை என்பதும் தெரிந்தே இருந்தது.

"நான் மாட்டுங்கா இல்லை. தாராவி" என்றேன்.

அந்தப் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வட்டம் கொஞ்சம் நெருங்கி வந்தது. ஒரு வீட்டில் எத்தனை பேர், தண்ணீர் எப்போது வரும், கழிப்பறைக்கு எங்கே போவீர்கள், மழையில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். நான் படிப்பதே தண்ணீர் அல்லவா, முதலில் உற்சாகமாகவே சொன்னேன். குழாய் எப்படிப் போகிறது, அழுத்தம் ஏன் போதாது என்று கையால் தரையில் கோடுபோட்டுக்கூடக் காட்டினேன். அவர்கள் பார்த்தது குழாயை அல்ல, என்னை என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒரு பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. நீ எவ்வளவு தைரியசாலி என்று ஒருவன் சொன்னான். இட்லி அவிக்கும் வீட்டில் பிறந்ததற்கு என்ன தைரியம் வேண்டியிருக்கிறது? மாட்டுங்காக்காரியின் கை எப்போதோ என் தோளிலிருந்து போயிருந்தது. எந்தக் கேள்வியின்போது எடுத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

அறைக்குப் போனதும் பேசினோம். அடுக்குக் கட்டில்களில் வேறு பெண்களும் இருந்தார்கள். சண்டை என்று அவர்களுக்குத் தெரிந்துவிடக்கூடாது என்பதற்காக இரண்டு பேரும் சிரித்த முகமாக, துண்டை மடித்துக்கொண்டே பேசினோம்.

"எதுக்குடி அது? நான்தான் சொல்லி முடிச்சாச்சே."

"நான் மாட்டுங்கா இல்லல்ல."

"பக்கத்துலதானே? யார் போய் அளந்து பாக்கப்போறா?"

"நடுவுல பாலம் இருக்குன்னு நீதான சொன்ன."

"உனக்காகத்தான்டி சொன்னேன். அவாளுக்கு அந்தப் பேர் ஏற்கனவே தெரியும். இனிமே உன்னை உன்னையாப் பாக்கமாட்டா. நாளைக்குப் பாரு."

"எனக்காகன்னா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்ருக்கணும்."

"கேட்டா சண்டைக்கு வருவே."

"இப்ப மட்டும் என்ன செய்யிதேன்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிஜமான சிரிப்பு. பேச்சு அதோடு நின்றிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று பிறகு பல தடவை நினைத்திருக்கிறேன். ஆனால் அவள் துண்டை வைத்துவிட்டு, "எல்லார் முன்னாடியும் என்னைப் பொய் சொல்றவளா ஆக்கிட்டே, அதைப் பத்தி உனக்கு ஒண்ணுமில்லை" என்றாள்.

"சொன்னது பொய்தான" என்றேன்.

அதை நான் இன்றைக்கும் திரும்பப் பெறமாட்டேன். ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பிறகு சிரித்த முகத்தை வைத்துக்கொள்ள இரண்டு பேராலும் முடியவில்லை. அவள் மேல்கட்டிலில் ஏறிக்கொண்டாள். கட்டில் பலகை முனகியது. கொஞ்ச நேரத்தில் அவள் போனில் யாரோடோ ஆங்கிலத்தில் பேசுவது கேட்டது.

மறுநாள் காலை அதே ரப்பர் உடை, அதே ஈரம். முதுகைக் காட்ட ஆள் இல்லை. அப்போதுதான் பார்த்தேன், ஜிப்பின் நுனியில் நீளமாக ஒரு நாடா தொங்குகிறது. தோளுக்கு மேலாகக் கையை விட்டு அதைப் பிடித்துத் தனியாகவே இழுத்துக்கொள்ளலாம். எல்லோரும் அப்படித்தான் போட்டுக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. முந்தின நாள் எங்களுக்கு அது தெரியவில்லை.

அவள் சொன்னது அப்படியே நடந்தது. என் பலகையைத் தூக்க இரண்டு பேர் ஓடிவந்தார்கள். முந்தின நாள் நான் விழுந்தபோது கேலி செய்த பையன், அன்று நான் விழுந்ததும் கைதட்டினான். முழங்காலில் நின்றதற்குக் கைதட்டினார்கள். ஒன்றும் செய்யாமல் தண்ணீரில் நின்றதற்கே ஒருத்தி கட்டைவிரலைக் காட்டினாள். களிம்பு பூசிய மூக்குக்காரி மட்டும்தான் முந்தின நாள் கத்தியதைப்போலவே, "காலைப் பார்க்காதே!" என்று கத்தினாள். அந்த அதட்டல் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. மாட்டுங்காக்காரி சொன்னது சரி. நான் சொன்னதும் சரி. இரண்டும் சரியாக இருந்துகொண்டு இரண்டு பேரும் தனித்தனியாக நிற்க முடியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. யாராவது ஒருவர் மேல் தப்பு இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டு முடித்திருக்கலாம்.

மதியத்துக்கு மேல் அலை கொஞ்சம் சீராக வந்தது. நான் குப்புறப் படுத்துக் காத்திருந்தேன். பின்னால் இரைச்சல் நெருங்கியது. என் கை பழையபடி பக்கவாட்டில் போகப் பார்த்தது. அதைப் பிடித்துப் பலகையில் ஊன்றினேன். தள்ளல் வந்தது. முழங்கால், பிறகு பாதம், பிறகு இன்னொரு பாதம். நிமிர்ந்தேன். கடல் எனக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. கரையில் நாய் ஒன்றும், சிவப்புக் குடை ஒன்றும், ஐஸ்கிரீம் வண்டியும் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தன. எங்கள் பரம்பரையிலேயே தண்ணீரின்மேல் நின்ற முதல் ஆள் நான் என்று நினைத்தது நினைவிருக்கிறது. அது பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையை யாரிடமாவது உடனே சொல்ல வேண்டுமே. விழுந்து எழுந்ததும் முதலில் அவளைத்தான் தேடினேன்.

அவள் நல்ல தூரத்தில், தேறியவர்கள் இருக்கும் ஆழத்தில், பலகைமேல் உட்கார்ந்திருந்தாள். முதுகு எங்கள் பக்கம். அலைக்குக் காத்திருப்பவர்கள் கடலைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும், அதில் கோபம் ஒன்றும் இல்லை, அது எனக்குத் தெரியும். கரையில் இருந்தவர்கள் எல்லோரும் விசிலடித்துக் கைதட்டினார்கள். எனக்கு வேண்டியிருந்தது, "ஏய், நின்னுட்டேடி!" என்று ஒரு குரல். அவ்வளவுதான். முகத்தைத் தண்ணீருக்குள் முக்கி எடுத்தேன். கடலின் உப்பில் கண்ணீரின் உப்பு தெரியாது.

திரும்பும்போது வண்டியில் அவள் முன்னால், நான் பின்னால். அம்மா போனில் கூப்பிட்டாள். "கையப் புடிச்சிக்கிட்டியாட்டி?"

"புடிச்சிக்கிட்டேன்மா."

"அவகிட்டக் குடு, ஒரு வார்த்த பேசுதேன்."

"தூங்குதாம்மா."

அதற்குப் பிறகு நாங்கள் சண்டையே போடவில்லை. அதுதான் கஷ்டம். சமையலறையில் பார்த்தால் நலம் விசாரிப்பாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரை வாங்கிக் கதவில் தொங்கவிட்டுப் போனாள். ஆனால் எல்லாம் ஆங்கிலத்தில். நானும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னேன். நல்ல ஆங்கிலம், இரண்டு பேருக்கும் தப்பே வராது. குளிர்காலம் முழுவதும் அம்மாவோடு பேசும் அந்தக் கொஞ்ச நேரம் தவிர என் வாயில் தமிழ் இல்லை. சில நாள் பல்கலைக்கழகத்துக்கு நடந்துபோகும்போது, வழியில் பார்த்ததையெல்லாம் தமிழில் எனக்கே மெதுவாகச் சொல்லிக்கொண்டு போவேன். மரம் மொட்டையா நிக்கு. பஸ்ஸு போகுது. யாராவது எதிரில் வந்தால் போனில் பேசுவதுபோலக் காதில் கையை வைத்துக்கொள்வேன்.

படிப்பு முடிந்து நான் பம்பாய்க்குத் திரும்பிவந்தேன். அவள் அங்கேயே வேலை கிடைத்துத் தங்கிவிட்டாள். இப்போது எனக்குத் தேவ்நார் பக்கத்துக் குடியிருப்புகளின் தண்ணீர்க் குழாய்களோடு வேலை. செம்பூரில் ஒரு அறை எடுத்திருக்கிறேன். அப்பா அம்மாவை அங்கே கூட்டிவந்துவிடலாம் என்று பார்த்தேன். "நம்ம இட்லி வாங்குத ஆளுவெல்லாம் இங்கனதான இருக்காவ" என்று அப்பா சைக்கிளைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்ப் பார்க்கிறேன். போகும் வழியில் மாட்டுங்காவில் இறங்கி அம்மாவுக்குப் பூவும், அப்பாவுக்குப் பிடித்த வாழைப்பூவும் வாங்கிக்கொள்வது பழக்கம்.

போன மாதம் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூக்கடைகளுக்கு நடுவில், அவள். விடுமுறைக்கு வந்திருக்கிறாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா, பட்டுப்புடவையில், எங்கோ விசேஷத்துக்குக் கிளம்பிய அவசரத்தில். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பார்த்துக்கொண்டதால் ஒதுங்கிப்போக வழியில்லை. ஹாய் என்றாள். ஹாய் என்றேன். எப்போது வந்தாய், எவ்வளவு நாள், வேலை எப்படி. எல்லாம் அந்தத் தப்பில்லாத ஆங்கிலத்தில்.

அவள் அம்மா புன்னகையோடு என்னைப் பார்த்தார். "நீயும் அங்கதான் இவளோட படிச்சியாம்மா? நம்ம தமிழா? பாம்பேல எங்க இருக்கா உங்காத்துல?"

பழக்கதோஷம், நான் அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். அவள் வாய் திறந்தது. ஒரு பதிலோடுதான் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. பூக்காரர் தண்ணீர் தெளித்ததில் எங்கள் மூன்று பேர் மேலும் நாலு துளி விழுந்தது.

"நீயே சொல்லேன்" என்றாள். தமிழில்.

"இப்ப செம்பூர்ல இருக்கேன் மாமி. வீடு தாராவி. அப்பா இட்லி விக்காங்க. உங்க தெருப் பக்கம்கூட வருவாங்க."

மாமி, "ஓ" என்றார். அதில் வெறுப்பு ஒன்றும் இல்லை. அடுத்து என்ன சொல்வது என்ற குழப்பம்தான். "நன்னா இரும்மா" என்று என் கையைத் தொட்டுவிட்டு, முழம் சின்னதாக இருக்கிறதே என்று பூக்காரரிடம் திரும்பிக்கொண்டார். நானும் போய்விடலாம் என்று பையைத் தோளில் ஏற்றினேன்.

"தாராவில எந்தப் பக்கம்டி?" என்று அவள் கேட்டாள்.

நான் நின்றேன். கடற்கரை வீட்டில் வட்டமாக உட்கார்ந்த அந்த மாலையில் என்னென்னவோ கேட்டார்கள், தண்ணீர், கழிப்பறை, மழை, பயம். இதை ஒருவரும் கேட்கவில்லை. ஒரே அடுப்பில் சமைத்த நாட்களில் இவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஊர்க்காரர்கள் ஊர்க்காரர்களிடம் கேட்கும் முதல் கேள்வியல்லவா அது.

"தொண்ணூறு அடி ரோடு தெரியும்ல?" என்றேன். "அதுல வந்து, மண்பானை செய்யிறவங்க தெரு தாண்டி நேரா வந்தா, ஒரு சின்ன பிள்ளையார் கோயில் வரும்..."

"ஏண்டி, டாக்ஸி நிக்கறது!" என்று மாமி முன்னாலிருந்து கூப்பிட்டார்.

"வரேம்மா, ஒரு நிமிஷம்." என்னைப் பார்த்து, "சொல்லு, கோயில்?" என்றாள். அதற்குள் டாக்ஸிக்காரன் ஹாரன் அடித்தான், பின்னால் ஒரு கைவண்டி வந்து எங்களுக்கு நடுவில் நின்றது, மாமி மறுபடி கூப்பிட்டார். கைவண்டி நகர்ந்தபோது அவள் டாக்ஸிக் கதவருகில் நின்று, ஏதோ சொல்லிக் கையை அசைத்தாள். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. எந்த மொழியில் என்றும் தெரியவில்லை.

பூவை வாங்கிக்கொண்டு ரயில் பாலத்தில் ஏறி மறுபக்கம் இறங்கினேன். நடந்துகொண்டே மீதியைச் சொன்னேன், வாய்விட்டே. கோயில்ல இருந்து எடது பக்கம் திரும்பணும். தையக்கட மேல நீலத் தார்ப்பா போட்ருக்கும். அதுக்கு அடுத்த சந்து. ரெண்டு பேர் சேந்து வர முடியாது, ஒருத்தர் பின்னால ஒருத்தராத்தான் வரணும். தண்ணி டிரம்மு நாலஞ்சு நிக்கும், பாத்து வா. கடைசி வீட்டுக்கு முந்தின வீடு, கதவுல சைக்கிள் சாத்தியிருக்கும். வந்தா வெளியில நின்னு கூப்பிட்டாப் போதும், அம்மா வந்துருவாங்க.